கடைசிப் பெட்டியில் மீந்த குஞ்சுகள்

பஸ் ஓடாத அந்த ஒரு வாரத்தைப் பற்றி, நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் எப்படியும் பேச்சு வந்துவிடுகிறது. உங்களில் சிலர் சாலையில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருப்பீர்கள். சிலர் போலீஸ் வருகிறதென்று கரும்புக் கொல்லைக்குள் ஓடி ஒளிந்திருப்பீர்கள். சில வீடுகளில் அந்த வாரம் விட்டுவிட்டுப் போன துக்கம் இன்னும் ஆறவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும். எனக்கு அப்போது பத்து வயது. ஊரே மறியல் செய்து கேட்ட இட ஒதுக்கீடு என்றால் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த வருஷம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது நாலு கோழிகள்தான்.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்கும் எலவனாசூர்கோட்டைக்கும் நடுவில், சேலம் சாலையை ஒட்டி இருந்தது. அப்பா கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். திங்கட்கிழமை விடியலில் போனால் சனிக்கிழமை மத்தியானம்தான் இறங்கி வருவார். நிலத்தையும் மாட்டையும் அம்மா பார்த்துக்கொண்டாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கையால் சுற்றும் மெஷினை வைத்துக்கொண்டு ஊருக்கே ரவிக்கை தைத்தாள். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இடது கால் சூம்பிவிட்டது. நடக்கும்போது இடது முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் நடப்பாள்.

எங்கள் வீட்டில் 'நொண்டி' என்ற சொல்லே கிடையாது. நாங்கள் தெருவில் விளையாடும் நொண்டி ஆட்டத்துக்குக்கூட வீட்டுக்குள் 'அந்த வெளையாட்டு' என்றுதான் பெயர். ஒருமுறை வாய்தவறிச் சொல்லி அம்மாவிடம் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். அத்தையைக் கடைக்குப் போகச் சொல்ல மாட்டார்கள். திருவிழாவுக்கு அழைக்க மாட்டார்கள். அவள் மனசு நோகக் கூடாதாம்.

அந்தப் புரட்டாசியில் சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். எங்கள் ஊர் எல்லையில் ஒன்று, அடுத்த ஊர் எல்லையில் ஒன்று. பள்ளிக்கூடம் கிடையாது. விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஏறி, கொழுந்துப் புளியிலையைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தோம். வெட்டுப்பட்ட அடிமரத்திலிருந்து பச்சை வாசனை வந்துகொண்டே இருந்தது. அந்த இரண்டு மரங்களுக்கும் நடுவில்தான் ஒரு மெட்டடார் வேன் மாட்டிக்கொண்டு நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு சத்தம். ஆயிரம் சின்ன வாய்கள் ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி இருக்கும்? நாமக்கல் பக்கத்திலிருந்து பண்ணுருட்டிக்குப் போகும் கோழிக்குஞ்சுகள். பொரித்து ஒரு நாள் ஆனவை. வட்ட வட்டமாக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில், அடுக்கடுக்காக இருந்தன.

டிரைவர் ஒல்லியான ஆள். முதல் நாள் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய்க் கும்பிட்டுப் பார்த்தார். மரத்தை நகர்த்த வழியில்லை. இரண்டாம் நாள் காலையில் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னார்:

"ஏனுங்கம்மா, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போயிருங்க. இதுக்கு மேல தாங்காதுங்க. மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். வாயில்லாச் சீவனுங்க, என்ற கண்ணு முன்னால சாகக் கூடாதுங்க."

ஊரே ஓடி வந்தது. கூடை, முறம், லுங்கி மடி, குடத்துக்குள்கூட. எனக்கு விஷயம் தெரிந்து மஞ்சப்பையோடு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. டிரைவர் கடைசிப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். அதன் மூலையில் ஐந்து குஞ்சுகள் மீந்திருந்தன.

"கண்ணு, இது வேண்டாஞ்சாமி. இதுகளுக்கு ஒடம்பு சரியில்ல. பொழைக்காது" என்றார்.

ஒன்றுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து போய், வயிற்றால் நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்றுக்கு மேல் அலகும் கீழ் அலகும் சேராமல் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போயிருந்தன. ஒன்று தலையைப் பின்னால் மடக்கி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு இரண்டு கண்ணும் மூடியே இருந்தன. ஐந்தாவது சும்மா படுத்திருந்தது. நான் எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். வீம்புக்குத்தான். ஊரில் எல்லாப் பிள்ளைகளிடமும் குஞ்சு இருக்கும்போது என்னிடம் மட்டும் இல்லாமல் போவதா?

வீட்டு வாசலிலேயே அம்மா பையை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? உருப்படியா ஒண்ணுகூட இல்ல?"

"மிச்சம் இதாம்மா இருந்துது."

உள்ளே அத்தையின் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா குரலைத் தணித்தாள். "ஒங்க அத்த கண்ணுல பட்டா அவ மனசு இன்னா பாடுபடும்? கால் இல்லாததும் கண்ணு இல்லாததுமா பொறுக்கிக்கினு வந்திருக்க. போயி எங்கனா வுட்டுட்டு வா."

"எங்கம்மா வுடறது? காக்கா தூக்கிடும்."

அம்மா பையின் வாயைச் சுருட்டி என் கையில் திணித்தாள். அப்பாவிடமிருந்து தகவல் ஏதும் வராத கவலை வேறு அவளுக்கு. "கொட்டாயில வெய்யி. அத்தைக்குத் தெரியக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

மாட்டுக் கொட்டகையின் கோடியில் பழைய மண்ணெண்ணெய் டின்னைப் படுக்கப் போட்டு, உமி பரப்பி, அதில் வைத்தேன். சூட்டுக்கு ஒரு செங்கல்லை அடுப்பில் காய வைத்துக் கோணியில் சுற்றி வைத்தேன். ஐந்தாவது குஞ்சு மறுநாள் காலையில் செத்திருந்தது. மற்ற நாலும் செங்கல்லை ஒட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தன.

கத்தும் குஞ்சை எங்கே மறைப்பது? அன்று மத்தியானமே மெஷின் நின்றது.

"ஏண்டி, கொட்டாயில இன்னாத்த வெச்சிருக்க? காலைலேந்து கீச்சு கீச்சுங்குது."

"ஒண்ணுமில்ல அத்தே."

அவள் எழுந்து வந்துவிட்டாள். சாணியும் கோமியமுமாக இருக்கும் அந்தக் கொட்டகைக்கு அவளை அம்மா வரவிட்டதே இல்லை. வழுக்கிவிடும் என்பாள். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு வந்து, டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். இப்போது அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கால் விரிந்த குஞ்சைத் தரையில் விட்டாள். அது வழுக்கிக்கொண்டு போய் மூக்குக் குப்புற விழுந்தது. அத்தை களுக்கென்று சிரித்தாள்.

"இது இன்னாடி, தவள மாதிரி நாலாப்பக்கமும் போவுது?"

நானும் சிரித்தேன். பிறகு அவள் கேட்டாள்: "ஒங்கம்மா மறைக்கச் சொன்னாங்களா?"

தலையாட்டினேன். அவள் கொஞ்ச நேரம் குஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். "போயி என் கத்திரிக்கோலையும் அந்த மல்துணி வெட்டு ஒண்ணையும் எடுத்துக்கினு வா" என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. எங்கள் இருவருக்கும் கோழி வைத்தியம் ஒன்றும் தெரியாது. ஒன்றைச் செய்து பார்ப்பது, சரிவராவிட்டால் வேறொன்றைச் செய்வது. தவளை என்றே பெயராகிவிட்ட அந்தக் குஞ்சின் இரண்டு கால்களையும் இரண்டு விரல்கடை இடைவெளி விட்டு, மெல்லிய துணிப் பட்டையால் எட்டு வடிவத்தில் கட்டினாள் அத்தை. முதல் கட்டு இறுகிப் போய்க் கால் சிவந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினாள். நிற்கப் பழகுவதற்கு அதை ஒரு டம்ளருக்குள் கால் கீழே இருக்கும்படி நிறுத்திவைப்பது என் யோசனை. கால்மணி நேரம் டம்ளரில் நிற்கும். தலை மட்டும் வெளியே தெரியும், குளிக்கிறவர் மாதிரி. ஆறாம் நாள் கட்டை அவிழ்த்தபோது தவளை நாலு அடி எடுத்து வைத்தது. இரண்டு கால்களையும் அகட்டி, பெரிய மனுஷர் நடை.

வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு வானம்பாத்தா என்று பெயர். அதற்குத் தீனி கொத்தக் குனிந்தால் தலை பின்னால் போய்க் குட்டிக்கரணம் விழும். ஆஸ்பத்திரியில் அத்தைக்குக் கொடுத்திருந்த சத்து மாத்திரையில் கால்வாசித் துண்டைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, அப்பாவின் இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக அலகோரத்தில் விட்டோம். மாத்திரையின் மஞ்சள் என் விரலில் ஒட்டி நாள் முழுக்க நாறும். மூன்று வாரத்தில் அதன் கழுத்து நேரானது. பயந்தால் மட்டும் பழையபடி வானத்தைப் பார்க்கும்.

அலகு சேராத கோணமூக்கிக்குத் தரையில் சிந்தியதைக் கொத்த வராது. கம்பை ஊறவைத்து அரைத்துக் கூழாக்கி ஆழமான கிண்ணத்தில் வைத்தால், தலையைச் சாய்த்து வாரி வாரித் தின்னும். முகமெல்லாம் அப்பிக்கொள்ளும், தினமும் துடைத்துவிட வேண்டும். மேல் அலகு வளர்ந்தால் அத்தை நகவெட்டியால் நுனியை மட்டும் நறுக்கிவிடுவாள்.

கண் தெரியாததற்குக் கண்ணம்மா என்று பெயர் வைத்தவள் அத்தை. அதற்கு வைத்தியம் எதுவும் இல்லை, ஒழுங்குதான். தண்ணீர்ச் சட்டி ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தீனித் தட்டு ஒரே இடத்தில். தூக்குவதற்கு முன்னால் பேச வேண்டும். பேசாமல் தொட்டால் அலறிவிடும். தட்டில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினால் எங்கிருந்தாலும் சுவரை உரசிக்கொண்டே வந்து சேர்ந்துவிடும்.

மறியல் தொடங்கிய எட்டாம் நாள் அப்பா வந்தார். மலையிலிருந்து கச்சிராயபாளையம் வரை நடந்தே இறங்கி, அதற்கப்புறம் கிடைத்த கட்டைவண்டியிலும் காலிலுமாக வந்திருந்தார். பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. தோள் துண்டில் மலைச்சாமை ஒரு மூட்டை. அம்மா அவரைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே வெந்நீர் வைத்தாள். அப்பா வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். கொட்டகையிலிருந்து அத்தை கொண்டுவந்துவிட்ட நாலு குஞ்சுகளும் மெஷின் வைத்த பலகைக்கு அடியில் இருந்தன.

"யாரு இதையெல்லாம் வூட்டுக்குள்ள வுட்டது?" என்று அம்மாவைத்தான் முறைத்தார்.

"நான்தான்ணா" என்றாள் அத்தை. "அந்தச் சாமையில ஒரு கை குடேன். நொய்யா இருந்தா இதுங்களுக்கு ஆவும்."

அப்பா மறுபேச்சில்லாமல் மூட்டையை அவிழ்த்தார். அத்தனை நாள் எங்களைப் பார்க்காமல் இருந்தவர் அப்போது யார் எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பார்.

மரங்களை அகற்றி, பஸ் ஓடி, பள்ளிக்கூடம் திறந்து, எல்லாம் பழையபடி ஆனது. குஞ்சுகள் மஞ்சள் போய் வெள்ளையாகின. ஊரில் மற்றவர்கள் கொண்டுபோன நல்ல குஞ்சுகளில் பாதிக்கு மேல் கீரிக்கும் காக்காய்க்கும் சீக்குக்கும் போய்விட்டன. எங்களுடையவை வெளியே திரிய முடியாதவை. அதனாலேயே பிழைத்தன என்று இப்போது தோன்றுகிறது.

கார்த்திகையில் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மூங்கில்துறைப்பட்டிலிருந்து, சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. இதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் கால் விஷயத்தைக் கேட்டதுமே நின்றுபோயிருந்தன. அதனால் இந்த முறை அப்பா ஒரு காரியம் செய்தார். காலைப் பற்றி அவர்களிடம் சொல்லவே இல்லை. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாதென்று மலைமேல் பாடம் நடத்துகிறவர்! ஆனால் அப்பா கெட்டவர் இல்லை. தங்கை தனியாக நின்றுவிடுவாளோ என்ற பயம் அவரை அப்படி ஆக்கியது.

அன்று காலையிலேயே கூடத்தில் பாய் விரித்து அத்தையை உட்கார வைத்துவிட்டார்கள். பட்டுப் புடவையைக் கால் தெரியாமல் பரப்பிவிட்டாள் அம்மா.

"காப்பி பலகாரம் நான் குடுத்துக்கறேன். அவங்க கிளம்பிப் போற வரைக்கும் நீ எழுந்துக்காத, இன்னா?"

எனக்கு இட்ட வேலை கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்து வைப்பது. கவிழ்த்தேன். அப்போது அவற்றுக்கு இரண்டரை மாசம், வளர்ந்துவிட்டன. ஒரே கூடைக்குள் நாலும் இடித்துக்கொண்டதில் கோணமூக்கி கண்ணம்மாவின் மேல் ஏறி மிதித்தது. கண்ணம்மாவின் அலறல் எனக்குப் பொறுக்கவில்லை. அதை மட்டும் வெளியே எடுத்து விட்டுவிட்டு, வந்தவர்களை வேடிக்கை பார்க்கக் கூடத்துக்குப் போய்விட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா, தாய்மாமன், மாப்பிள்ளை. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தாய்மாமன்தான் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கருத்த, பெரிய கைகள் உள்ள ஆள், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சுவரை உரசிக்கொண்டு கண்ணம்மா உள்ளே வந்தது. தினமும் அந்த நேரத்துக்கு மெஷினடிக்கு வந்து அத்தையிடம் பொரி வாங்கித் தின்னும் பழக்கம் அதற்கு. ஆனால் அன்று மெஷினை உள்ளே தள்ளியிருந்தார்கள். வழியெல்லாம் நாற்காலிக் கால்கள். ஒன்றில் முட்டியது, திரும்பியது, இன்னொன்றில் முட்டியது. நாலு பக்கமும் இரும்பாக இருக்கவும் கத்த ஆரம்பித்தது.

"த்தூ... கோழிய வெரட்டுங்கம்மா" என்று தாய்மாமன் காலைத் தூக்கினார்.

"மாமா, மிதிச்சிடாதீங்க. அதுக்குக் கண்ணு தெரியாது" என்று சொல்லிக்கொண்டே அத்தை எழுந்துவிட்டாள்.

ஒரு கையைப் பாயில் ஊன்றி, இடது முழங்காலை அழுத்தி எழுந்தாள். பட்டுப் புடவை சரசரக்க, ஒவ்வொரு அடிக்கும் முழங்காலைக் கையால் அழுத்தி, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். குனிந்து, "கண்ணம்மா, நான்தான்" என்று சொல்லிவிட்டு அதைத் தூக்கினாள். கோழி அடங்கியது.

"கால்ல இன்னா?" என்றார் தாய்மாமன்.

"மூணு வயசுல ஜொரம் வந்து இப்பிடி ஆயிடுச்சிங்க. எங்க அண்ணன் சொல்லலையா?"

அப்பா உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். பலகாரத்தைத் தொடாமலே கிளம்பினார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசல்படியில் நின்று திரும்பி, அத்தை கையிலிருந்த கோழியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொறந்ததுலேந்தே தெரியாதா அதுக்கு?"

"ஆமாங்க."

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "கூடைல கவுத்துடின்னா உனுக்கு இன்னாடி கொள்ள? வந்த எடம் போச்சி. நாளைக்கே நாலையும் அறுத்துக் கொழம்பு வெச்சிடறேன் பாரு!"

"அவள ஏன் அண்ணி அடிக்கறீங்க?" என்றாள் அத்தை. கோழி இன்னும் அவள் மடியில்தான் இருந்தது. "கோழிமேல கைய வெச்சா நான் இந்த வூட்டுல சோறு துன்ன மாட்டேன். அத இவ போயே புடிச்சிருப்பா. நான் வேணும்னுதான் எழுந்தேன்."

அப்பா அப்போதுதான் வாய் திறந்தார். "ஒனக்காகத்தானேம்மா இவ்ளோ பண்ணேன்."

"கண்ணாலத்தன்னிக்கும் என்ன ஒக்காந்துக்கினே இருக்கச் சொல்லுவியாண்ணா? அப்புறம் அவங்க வூட்டுலயும்?"

அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். அத்தை அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அழுதுகொண்டே பேசினாள், யாரிடம் என்று சொல்ல முடியாது. "என் காலப் பாத்து எனக்கு ஒண்ணுமில்ல. எனக்குப் பழகிப்போச்சி. நீங்க எல்லாரும் ஒரு வார்த்தைய முழுங்கறீங்க பாரு, அதான் தாங்கல."

அம்மா அடுக்களைக் கதவில் சாய்ந்தபடி அதைக் கேட்டாள். பிறகு, யாரும் தொடாத பஜ்ஜியை ஒரு தட்டில் எடுத்து வந்து அத்தைக்கு முன்னால் வைத்தாள். எனக்கும் ஒன்று கிடைத்தது. கோழிகளுக்கும் கொஞ்சம் போனது.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது, கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவர் அப்பா. சட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தாரா என்று நான் போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் வைத்திருந்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் பஸ்ஸிலிருந்து ஓர் அம்மாள் கூடையோடு இறங்கி எங்கள் வீட்டை நோக்கி வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா. என் அம்மா பதறிப்போய்ப் பாயைத் தேடினாள், சொம்பைத் தேடினாள். வந்தவள் கூடையின் மேலிருந்த துணியை விலக்கினாள். உள்ளே சிவப்பு நாட்டுக்கோழி ஒன்று, ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது.

"கரும்பு வண்டிச் சக்கரத்துல மாட்டிக்கிச்சிம்மா. இந்த வூட்டுல கோழிக்குக் கால் கட்றாங்கன்னு சந்தையில சொன்னாங்க, அதான்..." என்று இழுத்தாள்.

அம்மாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை எதையும் யோசிக்கவில்லை. கோழியை வாங்கி மடியில் போட்டாள். நான் மூங்கில் பிளாச்சியைச் சீவிக் கொடுத்தேன். எலும்பைத் தடவிப் பார்த்து, நேராக்கி, இரண்டு பக்கமும் பிளாச்சி வைத்துப் பஞ்சும் துணியுமாகச் சுற்றினாள். அந்த அம்மாள் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டு முடிந்ததும் சொன்னாள்:

"எம்புள்ள அன்னிலேந்து அந்தக் குருட்டுக் கோழியப் பத்தியே பேசிக்கினு இருக்கறான். எங்களுக்குக் கால் ஒரு கஷ்டமும் இல்லம்மா. மறச்சிட்டாங்களேன்னுதான் எங்க அண்ணனுக்குக் கோவம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்கம்மா. என்மேலதான் தப்பு" என்றார்.

"போவட்டும் வுடுங்க." அவள் அத்தையின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. ஒனக்கு எம்புள்ளையப் புடிச்சிருக்கா?"

இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து போயிருக்கிறது. யாரும் அத்தையிடம் இதைக் கேட்டதில்லை. என் அப்பா அம்மா உட்பட. அத்தை கூச்சப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"மூணு வாரம் கட்டு இருக்கணும். கோழி இங்கயே இருக்கட்டுங்க. அவரு ஒரு தபா வந்து எடுத்துக்கினு போவட்டும். அப்ப சொல்றேன்."

அவர் மூன்று வாரம் பொறுக்கவில்லை. இரண்டாவது வாரமே சைக்கிளில் வந்தார், சங்கராபுரம் வழியாக, அவ்வளவு தூரத்தையும் மிதித்து. கொட்டகையில் அத்தையும் அவரும் பேசினார்கள். என்னை அப்பால் போகச் சொன்னதால் எனக்குப் பேச்சுக் கேட்கவில்லை. தவளை அகட்டி அகட்டி அவருடைய செருப்பின் மேல் ஏறி நின்றதும், அவர் காலை அசைக்காமல் அப்படியே நின்று பேசிக்கொண்டிருந்ததும் மட்டும் தெரிந்தது. சிவப்புக் கோழியை அன்றும் அவர் எடுத்துப் போகவில்லை. மறந்துவிட்டாராம். அடுத்த வாரம் மறுபடி வர வேண்டியதாயிற்று.

மாசியில் கல்யாணம். எலவனாசூர்கோட்டைக் கோயிலில், அத்தை நடந்தே மணவறைக்கு வந்தாள். அன்று கோவித்துக்கொண்டு போன தாய்மாமன் பெரிய குத்துவிளக்கைச் சீராக வைத்தார். ஊர்ச் சனம் மொத்தமும் பார்க்கட்டும் என்று அப்பா அவளை முன்னால் விட்டு, பின்னால் வந்தார்.

மறுவீட்டு விருந்து முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது கோழிகளைப் பிரிப்பது பற்றிப் பேச்சு வந்தது. கண்ணம்மாவை மட்டும் அத்தை எடுத்துக்கொண்டாள். "மத்த மூணும் ஒனக்கு. பாத்துக்க" என்றாள். பார்த்துக்கொண்டேன். தவளை நாலு வருஷம் இருந்தது. கோணமூக்கி செத்த அன்று, குழம்பு வைத்துவிடுவேன் என்று சொன்ன என் அம்மா, எலுமிச்சை மரத்தடியில் குழி வெட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்துப் புதைத்தாள்.

புது இடத்தில் அத்தைக்குத் துணையாக ஒரு வாரம் இருக்க என்னையும் அனுப்பினார்கள். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறினோம். நிற்க இடமில்லாத கூட்டம். அத்தைக்கும் எனக்கும் எப்படியோ ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாப்பிள்ளை, இப்போது எனக்கு மாமா, கண்ணம்மா இருந்த கூடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு எங்களுக்குப் பக்கத்தில் நின்றார். புது வேட்டி கசங்கியது. கூட்டம் இடித்தபோதெல்லாம் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான்தான், நான்தான்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றார்.

சங்கராபுரம் தாண்டியதும் முன்னால் கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போக, பஸ் ஊர்ந்தது. ஜன்னல் வழியாகக் கரும்புச் சோகையின் வாசனை வந்தது. கூடைக்குள் கண்ணம்மா ஒரு மாதிரி முனகியது. மாமா துணிக்கடியில் கையை விட்டார். அவர் முகம் மாறியது.

"இன்னாச்சி?" என்று அத்தை பயந்து கேட்டாள்.

அவர் கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினார். வெள்ளை முட்டை, இன்னும் ஈரம் காயாதது. கண்ணம்மாவின் முதல் முட்டை. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வர, தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு முட்டைக்குக் கையை நீட்டினாள்.

"வாணாம், நீ ஒக்காரு. நானே புடிச்சிக்கறேன்" என்றார் மாமா. கூடையை என் மடியில் வைத்தார்.

ஒரு கையில் மேல் கம்பி, ஒரு கையில் முட்டை. பஸ் குலுங்கியபோதெல்லாம் அத்தை அவருடைய கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூங்கில்துறைப்பட்டில் இறங்கும் வரைக்கும் அவர் அந்தக் கையை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.